பின்பாதி

நாலாம் நம்பர் கட்டிலில் வேறு யாருடைய கால்களோ நீட்டிக்கொண்டிருந்தன. எடை மெஷினில் ஏறி நின்றபோதே ஆவுடையப்பன் பார்த்துவிட்டார். தடித்து, வெடிப்பு விழுந்த ஆண்பிள்ளைக் கால்கள். இரண்டு வருஷமாக அந்தக் கட்டிலில் நீல உல்லன் சாக்ஸ் போட்ட ஒரு ஜோடிக் கால்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஜெபக்கனிக்கு ஏசி குளிர் ஆகாது, அதற்காகவே அந்த சாக்ஸ், அதைப் போட்டுக்கொண்டு கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே படிப்பாள், அது அவருக்கு எரிச்சலாக இருக்கும், இப்போது அந்த எரிச்சலைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பேச்சியம்மாள் சிஸ்டர் எடையைக் குறித்துக்கொண்டு, மூணு கிலோ ஏத்திட்டு வந்திருக்கீங்க ஐயா, தண்ணியா குடிச்சீங்க என்று கேட்டாள். குடித்தார்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பானையில் செம்பை விட்டு முழுசாக ஒரு செம்பு குடித்தார், மனைவி உலகம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் நின்றதற்காக அவள்மீதும் கோபம். ஐந்தாம் நம்பரில் ஏறிப் படுத்தார். இடது முன்கையில் முறுக்கிக்கொண்டு புடைத்திருந்த நரம்பில் சிஸ்டர் விரலை வைத்து அதிர்வைப் பார்த்தாள், நல்லா ஓடுது என்றாள், ஓடாமல் எங்கே போகும், இரண்டு ஊசிகளையும் ஏற்றினாள், ஒரு குழாயில் அவருடைய ரத்தம் வெளியே கிளம்பிப் போயிற்று. நாலு மணி நேர டயாலிசிஸ். ஜெபக்கனி எங்கே என்று கேட்கலாமா? கேட்கக் கூடாது. இங்கே அதைக் கேட்பதில்லை என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் இரண்டாம் நம்பர் வாத்தியார் வராமல் போனபோது அவர் கேட்டார், ஷிப்ட் மாறிட்டாங்க ஐயா என்று இதே சிஸ்டர் இதே முகத்தோடு சொன்னாள், அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவரில் வாத்தியார் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஷிப்ட் மாறுவது என்றால் என்ன என்று கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. ஆகவே கேட்கவில்லை. கேட்டால் மாறிட்டாங்க என்பாள். கேட்காத வரைக்கும் ஜெபக்கனி எங்கேயாவது பஸ் கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கலாம்.

தலைமாட்டில் மஞ்சள் பை. அதற்குள் முன்பாதி. வலது கையை விட்டுத் துழாவி எடுத்தார், மரக் கலர் லைனிங் துணியில் அட்டை போட்டது, ஜெபக்கனி போட்டது, முதுகில் தடித்த நூலால் வரிசை பிசகாத தையல், அதுவும் அவள் போட்டது. சமாதானபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறவளிடம் புத்தகத்தைக் கொடுத்தால் இப்படித்தான். எண்பத்து மூன்றில் தென்காசி பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய நாவல். எண்ணூற்றுச் சொச்சம் பக்கம். மாசிலாமணி என்கிற ஒருவன் இருபத்திரண்டு வயதில் ஏழு மாசக் கர்ப்பிணி தெய்வானையை ஊரில் விட்டுவிட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறான், பதினெட்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான், முன்பாதி முழுக்க அவன் போவது, பின்பாதி முழுக்க அவன் வருவது. கயத்தாறு பக்கம் காட்டுக்கு நடுவே சப் ஸ்டேஷனில் ஆபரேட்டராக இருந்தபோது ஏழு தரம் படித்தார். டிரான்ஸ்பார்மர் ரீங்காரம் ஒரு பக்கம், மாசிலாமணி ஒரு பக்கம். கூட வேலை பார்த்த அத்தனை பேருக்கும் கொடுத்திருக்கிறார். ஒருத்தன் படித்து முடித்தால் கடைசியில் இருக்கிற வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அடுத்தவனிடம் தர வேண்டும், அதுதான் சட்டம். லைன்மேன் கொடுத்து ஃபோர்மேன் வாங்கி, ஃபோர்மேன் மச்சினன் வாங்கி, கழுகுமலை வரைக்கும் போய், மழையில் நனைந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பி வந்திருக்கிறது, ஒரு தரம்கூடத் திரும்பி வராமல் இருந்ததில்லை. முப்பத்தொரு கையெழுத்து. இவள் ஒரு வியாழக்கிழமை வாங்கிக்கொண்டு போனாள், செவ்வாய்க்கிழமை இரண்டு புத்தகமாகக் கொண்டுவந்து நீட்டினாள். பிளேடால் நடு முதுகில் கீறியிருக்கிறாள். ஒத்தக் கையில தூக்க முடியல அண்ணாச்சி, நெஞ்சுல வச்சா மூச்சு முட்டுது, அதான் ரெண்டாக்கிட்டேன், இப்ப நீங்க ஒரு பாதி நான் ஒரு பாதி, ஒரே நேரத்துல படிக்கலாம்லா என்றாள், ஏதோ ஜாக்கெட்டுக்கு உள்தையல் பிரித்துக் கொடுத்ததைப்போல. அவருக்குக் கண் இருட்டிவிட்டது. பிரஷர் நூற்றெண்பதுக்குப் போய் சிஸ்டர் ஓடிவந்தாள். இரண்டு தடவை அவளோடு பேசவே இல்லை. அவளும் பேசச் சொல்லிக் கெஞ்சவில்லை. மூன்றாவது தடவை வேறு வழியில்லாமல் பின்பாதியை எடுத்துப் பார்த்தார், அது வலது கையில் கச்சிதமாக உட்கார்ந்தது, கட்டை விரலாலேயே பக்கம் தள்ள முடிந்தது, இந்த ஊசியும் குழாயும் வந்த பிறகு அந்த நாவலை அவர் வீட்டில் வெறுமனே தடவிப் பார்த்ததோடு சரி, படித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டா கீறினாள்?

ஆனாலும் படித்தாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று மாசத்தில் முன்பாதியை முடித்துவிட்டு மாற்றிக்கொண்டாள், முன்பாதி இவரிடம், பின்பாதி அவளிடம். முப்பத்தொரு பேரும் படித்துவிட்டு, அண்ணாச்சி அழுதுட்டேன், மாசிலாமணி மாதிரி ஒரு மனுஷன் உண்டுமா என்றுதான் சொன்னார்கள். இவள் ஒருத்திதான், பக்கத்துக்குப் பக்கம், கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு, அவனைத் திட்டிக்கொண்டே படித்தாள். மலையிலே மழை பெய்யும்போது மாசிலாமணி தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து தெய்வானையை நினைத்துக் கண்ணீர் விடுகிற இடம், லைன்மேன் சுடலைமுத்து மனப்பாடமாகச் சொல்லுவான், அந்த இடத்தைப் படித்துவிட்டு, அழுறதுக்கு நேரம் இருக்கு, லெட்டர் போட நேரம் இல்லையாக்கும் என்றாள். பதினெட்டு வருஷம் ஒருத்தியைக் காக்க வச்சிட்டு அவனுக்குக் கண்ணீர் வேற, இவன் தியாகி இல்ல அண்ணாச்சி, சௌகரியம் பாத்தவன். சௌகரியம். அந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்தாள். அவளுக்கு என்ன தெரியும், கல்யாணமே செய்துகொள்ளாதவள், தங்கச்சி வீட்டு மாடியில் இருக்கிறவள், ஒரு ஆம்பிளை வெளியூரில் தனியாகக் கிடந்து குடும்பத்துக்குச் சம்பாதிப்பது என்றால் என்ன என்று. பத்தொன்பது வருஷம் அவர் சப் ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில் தனியாகத்தான் இருந்தார், தானே பொங்கித் தின்றார், பதினைந்து நாளைக்கு ஒரு தரம் தென்காசிக்கு பஸ் பிடித்தார், இரண்டு பெண்பிள்ளைகளும் அவர் இல்லாமல்தான் வளர்ந்தார்கள், எல்லாம் யாருக்காக? இரண்டு தரம் தென்காசிக்கே மாறுதல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே அமைதியாக இருந்தது. அமைதியாக இருந்தது என்பதற்காக இல்லை, அலவன்ஸ் இருந்தது, அலவன்ஸ் பெரிசாக ஒன்றும் இல்லை, இருந்தாலும் இருந்தது. இதை அவளிடம் சொன்னதுகூடக் கிடையாது. சொல்லாமலேயே ஒரு நாள் அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், அக்கா படிச்சிருக்காங்களா இத என்று கேட்டாள். உலகம்மாள் எட்டாவது வரை படித்தவள், வாரப் பத்திரிகை எல்லாம் படிப்பாள், ஆஸ்பத்திரி வெளி வராந்தாவில் வாரத்துக்கு மூன்று நாள் நாலு நாலு மணி நேரம் தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்தொரு பேருக்குக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு அதெல்லாம் ஓடாது என்றார். ஜெபக்கனி, ம் என்றாள். அந்த ம்முக்காக அவளை ஓங்கி அறையலாம் என்றிருந்தது.

சனிக்கிழமைதான் அது நடந்தது. நடந்தது என்ன, அவர்தான் செய்தார். மாசிலாமணி மண்டபம் முகாமில் வந்து இறங்கிவிட்டான், அந்தக் கட்டத்தில் இருந்தாள், முகம் எல்லாம் பளபளப்பாக இருந்தது, ரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்கிற பளபளப்பா வேறு எதுவுமா தெரியவில்லை. "அவ வாசல்ல நின்னு அவன நிக்க வச்சு நாலு கேள்வி கேப்பா பாருங்க அண்ணாச்சி," என்றாள். "அதுக்காகத்தான் இந்தப் புஸ்தகத்த விடாம படிக்கேன்." நாலு கேள்வியாம். ஏழு தரம் படித்த புத்தகத்தில் ஏழு தரமும் அவருக்கு அப்படி ஒரு யோசனை வந்ததில்லை. "கேக்க மாட்டா," என்றார். "அவன் வந்து சேர்றதுக்கு எட்டு நாளைக்கு முன்னாலயே செத்துப் போயிருவா." சத்தமாக வேறு சொன்னார், மூன்றாம் நம்பரில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் கட்டைவிரல் ஆடுவது நின்றது. புத்தகத்தை மூடி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்தாள், ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள், ஊசியை எடுத்தார்கள், பஞ்சை அழுத்திக்கொண்டாள், பையில் பின்பாதியைப் போட்டுக்கொண்டாள், வாறேன் அண்ணாச்சி என்று எப்போதும் சொல்லுகிறதைச் சொல்லவில்லை, போய்விட்டாள். இன்றைக்கு வேறு கால்கள்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையா, திங்கட்கிழமையா. ஞாயிறு என்றால் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கும், இல்லை கட்டிங் மேஜையில் குனிந்தபோது, பொட்டாசியம் கூடினால் ஒரு நிமிஷம்கூட ஆகாது, டாக்டரே சொல்லியிருக்கிறார், பேசிக்கொண்டே இருக்கும்போது நெஞ்சு நின்றுவிடும். ஒரு மனுஷியிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை செத்துப் போயிருவா. எவளையோ சொன்னது. கதையில் வருகிறவளைச் சொன்னது. அவள் அதைத் தூக்கித் தனக்குப் போட்டுக்கொண்டால் அவர் என்ன செய்ய முடியும். கீறாதே என்று சொன்னால் கீறுகிறவள், திட்டாதே என்றால் திட்டுகிறவள், செத்துப் போயிருவா என்றால் உடனே போய்ச் செத்துவிடுவாளோ. இவர் ஒன்றும் பொறுப்பில்லை. புத்தகம்? பின்பாதி எங்கே? அதில்தான் கையெழுத்துத் தாள் இருக்கிறது. முப்பத்தொரு பேரில் ஏழு பேர் இப்போது இல்லை, சுடலைமுத்து மின்கம்பத்திலேயே கருகிப்போனவன், அவன் கையெழுத்து உலகத்திலேயே அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கும். தங்கச்சிக்காரி வீட்டை ஒதுக்கும்போது துணிச் சுருட்டோடு சேர்த்துப் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிடுவாள். போக வேண்டும். துக்க வீட்டில் போய் எப்படிக் கேட்பது. உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்து, அப்புறம், உங்க அக்காகிட்ட என் புத்தகத்தில் பாதி இருக்கு. பாதியா என்பாள். ஆமாம் பாதி, உங்க அக்கா கீறினது. நல்லா இருக்கிறது துக்கம் விசாரிக்கிற லட்சணம். அவர் பற்களைக் கடித்துக்கொண்டார். எதிர்ச் சுவர் டிவியில் யாரோ கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தார்கள். நாலாம் நம்பர்க்காரன் குறட்டை விட ஆரம்பித்தான், அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு என்ன தூக்கம், எழுப்பி, இது யார் இடம் தெரியுமா என்று கேட்க வேண்டும்போல இருந்தது, முன்பாதியை விரித்து நெஞ்சுக்குமேல் பிடித்தார், மாசிலாமணி ராமேஸ்வரத்தில் படகுக்குக் காத்திருந்தான், எழுத்துகள் நின்ற இடத்திலேயே நின்றன, கண்ணில் ஏதோ கொதித்தது, ச்சை, ஏசியில் தூசி.

மூன்று கிலோ தண்ணீரை ஒரே மூச்சில் எடுத்தால் உடம்பு சும்மா இருக்காது. பத்து மணி வாக்கில் வலது கெண்டைக்காலில் யாரோ உள்ளேயிருந்து பிழிவதுபோல் பிடித்தது, அவர் முனகினார், உடனே காதுக்குள் ஒரு விசில், நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை, வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மெஷின் கத்தியது. இதுதானா. இப்படித்தான் அவளுக்கும் இருந்திருக்குமா. சிஸ்டர் ஓடிவந்து தலைமாட்டை இறக்கி, கால்மாட்டைத் தூக்கி, சலைனைத் திறந்துவிட்டு, கெண்டைக்காலைப் பிடித்து நீவினாள், ஐயா, இங்க பாருங்க, கண்ண மூடாதீங்க, ஏதாவது பேசுங்க என்றாள். பேசச் சொன்னாள், அதனால்தான் பேசினார், இல்லாவிட்டால் பேசியிருக்க மாட்டார். "நாலாம் நம்பர்," என்றார். "ஜெபக்கனி. என்னைக்குப் போச்சு?"

"சனிக்கிழமை சாயங்காலமே போயிட்டாங்களே," என்றாள் சிஸ்டர், நீவிக்கொண்டே. "மதுரையில இருந்து போன் வந்துச்சு, யாரோ ஆக்சிடென்ட்ல மூளச்சாவு ஆன ஆளு, இவங்களுக்குப் பொருந்திருச்சு. ஞாயித்துக்கிழம விடியறதுக்குள்ள கிட்னி வச்சாச்சு. நேத்து தங்கச்சி பேசுச்சு, யூரின் நல்லா போகுதாம். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு நேரம் நெஞ்சுக்குள் எதுவோ அவிழ்ந்தது, அவர் அதைக் கவனித்தார், அடுத்த மூச்சில் அது போய்விட்டது. அப்படியானால் சாகவில்லை. இவர் இங்கே மூன்று மணி நேரமாக அவளைக் கிடத்தி, மாலை போட்டு, தங்கச்சியிடம் துக்கம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார், அவள் அங்கே மூத்திரம் போய்க்கொண்டிருக்கிறாள். கிட்னிக்குக் காத்திருக்கிற வரிசையில் அவர் பெயரும் நாலு வருஷம் இருந்தது, போன வருஷம் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, உங்க ஹார்ட் தாங்காது பெரியவரே என்று பெயரை அடித்துவிட்டார்கள். அவளுடையது தாங்கும். குடத்தைத் தூக்கி அப்படியே அண்ணாந்து குடிக்கலாம் அவள். இனி செவ்வாய் வியாழன் சனி எல்லாம் அவளுக்கு வெறும் கிழமை. செத்திருந்தால் அவளை மன்னித்திருப்பார், முக்கால்வாசி மன்னித்துவிட்டிருந்தார், உயிரோடு இருக்கிறவளை எப்படி மன்னிப்பது. இந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது, அதுவும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. பின்பாதியை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டாளா, அதைச் சொல்.

கொண்டுபோயிருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பையில் இருக்கிறதாம், தனி ரூமுக்குள் பேப்பர் புஸ்தகம் எதுவும் விட மாட்டார்களாம், வெளியே விட்டதும் படிக்க வேண்டுமாம். சிஸ்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஐயாகிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. நீங்க கதை முடிவு என்னமோ சொன்னீங்களாம்லா, அது நெசமா, இல்ல கோவத்துல சொன்னீங்களான்னு. நெசம்னா மேக்கொண்டு படிக்கல, குடுத்து விட்டுருதேன்னாங்க." அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பின்னால் தள்ளிவிட்டு செல்போனை எடுத்தாள், ஐயா நீங்களே பேசிருங்க, பதிஞ்சு அனுப்பிருதேன், போன் தங்கச்சி கையிலதான் இருக்கு, போட்டுக் காட்டிரும் என்று, அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் வாய்க்கு நேரே பிடித்து அமுக்கினாள். சிவப்புப் புள்ளி. நொடிகள் ஓடின. நெசம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த வாரமே பின்பாதி வந்துவிடும், கையெழுத்துத் தாள், சுடலைமுத்து, எல்லாம். முப்பத்திரண்டாவது கையெழுத்து மட்டும் இருக்காது. படிக்காமல் தப்பித்துவிடுவாள். இவ்வளவு பேசினவள், கீறினவள், கிட்னியையும் வாங்கிக்கொண்டு, அந்தக் கடைசி அத்தியாயத்தையும் தாண்டாமல் தப்பித்துப் போய்விடுவாள். விடக் கூடாது.

"தெய்வானை சாகல," என்றார். குரல் அவருடையதாகவே இல்லை, கரகரத்தது. "நான் கோவத்துல சொன்னேன். படி. அவன் வாரான், அவ வாசல்ல நிக்கா." அதோடு நிறுத்தியிருக்கலாம். சிஸ்டர் கையை எடுக்கவில்லை, புள்ளி சிவப்பாகவே இருந்தது, அவர் வாய் நிற்கவில்லை. அவ கேக்கா, என்றார். பிள்ளைக்கு மஞ்சக் காமாலை வந்தப்போ எங்க இருந்தீருன்னு கேக்கா. ஊருக்கு வரச் சொல்லி ரெண்டு தரம் வழி வந்துச்சே, ஏன் வேண்டாம்னு எழுதிக் குடுத்தீருன்னு கேக்கா. அங்க தனியா கெடந்தேன் தனியா கெடந்தேன்னு ஊரெல்லாம் சொல்லுதீரே, நான் இங்க யார்கூடக் கெடந்தேன்னு கேக்கா. பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் வந்து விருந்தாளி மாதிரி சோறு தின்னுட்டுப் போனீரே, என்கிட்ட ஒரு நாளாவது ஒரு பேச்சுப் பேசினீரான்னு கேக்கா. மாசிலாமணி பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வரவில்லை, பதினெட்டு வருஷத்தில் ஒரு தரம்கூட வரவில்லை, அது அவருக்குத் தெரிந்தது, தெரிந்தும் வார்த்தைகள் தடுக்காமல் வந்தன, அவர் அவற்றை யோசிக்க வேண்டியே இருக்கவில்லை, ரொம்ப நாளாக யாரோ பக்கத்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்ததைப் போல. மூச்சு முட்டி நிறுத்தினார். சிஸ்டர் விரலை எடுத்தாள், அது போய்விட்டது. அடேயப்பா, நல்ல கதையா இருக்கே ஐயா, எனக்கும் தாங்க என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நம்பட்டும். முந்நூறு பக்கமும் நம்பிக்கொண்டே நடந்து, வாசல் வரைக்கும் போய், அந்த வெறும் வீட்டில் மோதட்டும். அப்போது அவரை நினைப்பாள். திட்டட்டும். இந்த அற்ப சந்தோஷம் இரண்டு நிமிஷம் அவருக்குக் கதகதப்பாக இருந்தது.

பதினொன்றேகாலுக்கு ஊசியை எடுத்தார்கள். பஞ்சை அழுத்துவதற்கு ஆளைக் கூப்பிடுங்க என்று டெக்னீஷியன் சொன்னான், கூப்பிடத் தேவையில்லை, உலகம்மாள் உள்ளேதான் நின்றாள், அவர் தலைமாட்டுக்குப் பின்னால், கதவோரம். மெஷின் கத்தியபோது ஓடிவந்தவள் வெளியே போகவே இல்லையாம். சிஸ்டர்தான் சொன்னாள். ஆவுடையப்பன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வந்து பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முன்கையைத் தன் மடிக்கு இழுத்து, பஞ்சின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினாள், ஐந்து வருஷமாக அழுத்துகிற அதே அழுத்தம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொஞ்ச நேரம் இருவரும் டிவியைப் பார்த்தார்கள்.

"அந்தத் தெய்வானை," என்றாள். "இம்புட்டும் கேட்டாளா?"

அவர் ம் என்றார்.

"அதுக்கு அவன் என்ன பதில் சொன்னான்?"

பஞ்சின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு ஊறிப் பரவியது. ஆவுடையப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுத்திப் பிடி," என்றார். "ரத்தம் நிக்கல."